மலை பஸ்ஸில் போன சீட்டுகள்

போன வாரம் என் மகள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த டெக்கைக் கட்டறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சுப்பா" என்றாள். திரையில் வரிசையாகச் சீட்டுகள். இறக்கை முளைத்த மிருகங்கள், வாள் பிடித்த பெண்கள், தீ கக்கும் ஏதோ ஒன்று. எதை வைப்பது, எதைக் கழிப்பது, எது கையில் வந்தால் எதைப் போடுவது என்று முகம் தெரியாத யாரோ ஒருவனைத் தோற்கடிக்க அவ்வளவு யோசனை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. 'கட்டறது' என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது.

உங்களுக்கும் விளங்கும். மாடிப்படி ஏறினால் முட்டி பேச ஆரம்பித்துவிட்ட நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கட்டு கட்டியவர்கள்தானே. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டை மறந்திருக்க மாட்டீர்கள். முனை மழுங்காமலிருக்க நாம் பட்ட பாட்டையும், வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்று முகப்பவுடர் பூசி வைத்ததையும், சைக்கிள் டியூபை வளையமாக அறுத்துப் போட்டு இறுக்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். பவுடரும் ரப்பரும் வியர்வையும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. சீட்டுகள்தான் இல்லை. எந்த வீடு மாற்றும்போது எந்தப் பெட்டியோடு போயின என்று தெரியவில்லை.

எங்கள் தெரு கச்சிராயபாளையத்தில், ஆலைக்குக் கரும்பு போகும் சாலையை ஒட்டி இருந்தது. டிராக்டர் வேகம் குறைக்கும் திருப்பத்தில் நின்று கரும்பை உருவுவோம். அதைக் கடித்துக்கொண்டே ஆடுவோம். மற்ற ஊர்களில் கடையில் வாங்கிய கட்டைக் கலைத்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஆடுவார்கள். எங்கள் தெருவில் அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம். எங்கள் சட்டப்படி அவனவன் தன்னிடம் சேர்ந்திருக்கும் சீட்டுகளிலிருந்து இருபதைப் பொறுக்கி, தனக்கு வேண்டிய வரிசையில் அடுக்கிக் கொண்டு வரவேண்டும். உட்கார்ந்த பிறகு வரிசையை மாற்றக் கூடாது. மேல் சீட்டை எடுத்து அதில் போட்டிருக்கும் உயரம், எடை, மார்பு, ஜெயித்த சண்டை என்று ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். எதிராளியும் தன் மேல் சீட்டைத் திருப்புவான். யாருடைய எண் பெரிதோ இரண்டு சீட்டும் அவனுக்கு. அவற்றைக் கட்டின் அடியில் செருகிக்கொண்டு அடுத்ததையும் அவனே கேட்பான். சீட்டு தீர்ந்தவன் எழுந்து போக வேண்டியதுதான்.

வீரர்களின் ஆங்கிலப் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். எல்லோரையும் விட உயரமானவன் பனைமரம். எல்லோரையும் விட எடை உள்ளவன் குந்தாணி. ஒல்லியாக, நரைத்த தலையோடு, பார்க்கச் சப்பென்று இருக்கும் ஒருவன் ஜெயித்த சண்டைகளில் மட்டும் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவான். அவன் கிழவன்.

சைக்கிள் கடைக்காரர் மகன்தான் எங்கள் தெருவில் பெரிய ஆள். அவனை யாரும் ஜெயித்ததில்லை. பொங்கல் லீவில் அவனோடு ஆடுவது என்று பேசி வைத்திருந்தேன். அதற்கான கட்டைத்தான் தீபாவளியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மாற்றல் வந்தது.

அப்பா மாட்டாஸ்பத்திரியில் ஆய்வாளர். மாடு, ஆடுகளுக்கு ஊசி போடுவது அவர் வேலை. கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குப் போட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, நான், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ் எல்லோரும் மலை பஸ்ஸில் ஏறினோம். அணைக்கட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காது அடைத்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். நான் சட்டைக்குள் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேலே எங்களுக்குக் கிடைத்த வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையும் சமையல்கட்டும். பினாயில் வாசனையும் மாட்டு மருந்து வாசனையும் எப்போதும் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஒன்றும் இருக்காது. வெள்ளையாகப் பனி மட்டும் நிற்கும். அப்பா மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து போவார். சில ஊர்களுக்குப் போனால் அன்றைக்குத் திரும்ப முடியாது. அங்கேயே யார் வீட்டிலாவது தங்கிவிடுவார்.

பள்ளிக்கூடத்துப் பையன்கள் நல்ல பையன்கள். ஆனால் மணி அடித்ததும் சாமை விளைந்த கொல்லைக்குக் குருவி ஓட்டப் போய்விடுவார்கள். கடுக்காய் பொறுக்கப் போவார்கள். ஒருநாள் என் பக்கத்தில் உட்காரும் பையனிடம் பனைமரத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவன் யாரோட சண்ட போட்டான்?"

"எல்லாரோடயும்."

"இன்னாத்துக்கு?"

நான் சீட்டில் போட்டிருந்த உயரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவன் சீட்டை மரியாதையாகக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான்.

அதன் பிறகு நான் தனியாகத்தான் ஆடினேன். வலது கை எனக்கு, இடது கை சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு ஒரு சீட்டை இடம் மாற்றி மறுபடியும் ஆடிப் பார்ப்பேன். குந்தாணியை முதலில் வைத்தால் என்ன ஆகிறது, நடுவில் வைத்தால் என்ன ஆகிறது. ஜன்னலில் பனி அப்பிக்கொண்டிருக்க, தரையில் சாக்கை விரித்து மணிக்கணக்காக இதுதான் வேலை.

ஒரு சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பக்கமும் நீயே ஆடினா எப்பிடிடா தோப்ப?" என்றாள்.

"எடது கை தோக்கும்."

"அது எங்க தோக்குது? நீ தோக்கடிக்கற." முறத்தைத் தள்ளிவிட்டுச் சாக்கின் மறுமுனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இருபது குடு."

என் அம்மா அதிகம் பேச மாட்டாள். தெருவில் நாலு பெண்கள் கூடினால் ஐந்தாவதாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஆட உட்கார்ந்தால் வேறு ஆள். முதல் இரண்டு மூன்று நாள் தோற்றாள். பிறகு அடுக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அப்படி அடுக்கிய முதல் நாள் அவள் இறக்கிய முதல் ஐந்து சீட்டும் சொத்தை. நான் சிரித்துச் சிரித்து வாங்கிக் கட்டின் அடியில் செருகினேன். என் பலசாலிகள் எல்லோரும் மேலே இருந்தார்கள். அந்தச் சொத்தைகளை அடித்தே அவர்கள் தீர்ந்து கட்டின் அடிக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவளுடைய பலசாலிகள் வந்தார்கள், என் நடுத்தரங்களின் எதிரே. வாரிக்கொண்டு போனாள்.

"எப்பிடிம்மா?"

"சொல்ல மாட்டேன் போ."

வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அதனாலேயே கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். அன்றைக்குக் கையில் சீட்டு இருந்ததால் மறைக்கவில்லை.

அதிலிருந்து அம்மாவை ஜெயிக்கத்தான் நான் கட்டு கட்டினேன். பலசாலிகளை ஒரே இடத்தில் வைக்காமல் இடைவெளி விட்டு வைத்தேன். அவள் அதற்கேற்ப மாற்றினாள். கிழவனை நான் மேலே ஏற்றினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், என் உதட்டைப் பார்த்தே. குளிர் ஏற ஏற எங்கள் இரண்டு கட்டுகளும் கூர்மையாகிக்கொண்டே வந்தன. பொங்கல் வந்தது. பஸ் நெரிசல், அப்பாவுக்கு லீவு இல்லை என்று ஊருக்குப் போகவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குத்தான் குறையாகத் தெரிந்தது. இரண்டு நாள் நடை முடிந்து ஒருமுறை வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று எங்களைப் பார்த்தார். "சீட்டு ஆடற வூடு உருப்படுமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். அம்மா சீட்டைப் போட்டுவிட்டு வெந்நீர் வைக்க எழுந்தாள். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேறு, "ஒங்க பையன் யாரோடயும் சேர மாட்றான் சார்" என்று சொல்லிவிட்டார்.

"பையன் பசங்களோட இருக்கணும்" என்றார் அப்பா, சாப்பிடும்போது. "அம்மாவோட ஒக்காந்து சீட்டு ஆடிக்கினு இருந்தா இன்னா ஆவான்? ஒங்கண்ணன் வூட்ல விட்டுடலாம். பழைய பள்ளிக்கூடம், பழைய சேக்காளிங்க. நல்லாயிடுவான்."

அம்மா ரசம் ஊற்றினாள். அவள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அப்பாவின் வழக்கம். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் மகன் என் கட்டைப் பார்த்து என்ன சொல்வான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் அன்று அம்மா என் துணிகளை மடித்து வைத்துவிட்டு, "எனக்கும் இருபது குடுத்துட்டுப் போடா" என்றாள்.

மாமா வீட்டில் பையைப் போட்டதும் சைக்கிள் கடைக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. எல்லோரும் அரிசி மண்டிக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர் வீட்டு டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் வந்திருந்தது. தெருப் பையன்கள் மொத்தமும் அந்த வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு குட்டி மனிதன் செங்கல் மேல் தாவிக்கொண்டிருந்தான். நான் சைக்கிள் கடைக்காரர் மகனின் தோளைத் தொட்டுக் கட்டைக் காட்டினேன். அவன் ஒரு கணம் பார்த்தான்.

"இன்னுமாடா இத்த வெச்சிக்கினு சுத்தற? நான்லாம் எங்க சித்தி பையனுக்குக் குடுத்துட்டேன்." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லிவிட்டார்கள். அந்த ஜன்னலில் பார்த்த முதுகுகளைப் போல எதுவும் என்னைத் தனியாக்கவில்லை. குளிரில் விரல் விறைக்கக் கட்டிய கட்டு அது. அதைவிட நல்ல கட்டு அந்தத் தெருவில் இருந்ததில்லை. ஆனால் ஆட ஆளில்லை. மாமா வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அத்தை என் தட்டில் இரண்டு கரண்டி கூடவே போடுவாள். நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, மலையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று முடிவுகட்டி, கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினாள்.

சாயங்காலம் மலை பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து, இங்கே டீ குடித்துவிட்டு, மேலே ஏறும். ஒருநாள் அங்கே போய் நின்றேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். பிஸ்கட் உறையில் சுற்றிய ஒரு சீட்டை அவரிடம் நீட்டினேன்.

"இன்னாது தம்பி?"

"அம்மாகிட்ட குடுங்க. எடைன்னு சொல்லுங்க."

"எடையா? இன்னா எடை?"

"அப்பிடிச் சொன்னா அதுக்குத் தெரியும்."

மறுநாள் காலை கீழே இறங்கிய பஸ்ஸில் உறை திரும்பி வந்தது. உள்ளே இரண்டு சீட்டு இருந்தன. நான் அனுப்பிய குந்தாணியும், அவனிடம் தோற்ற அம்மாவின் சீட்டும். நான் ஜெயித்திருந்தேன். பஸ் போன பிறகும் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலே அம்மா அந்தச் சீட்டைப் பிரித்து, தன் கட்டை எடுத்து, மேல் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அப்படித்தான் ஆடினோம். ஒரு சீட்டு மேலே ஏறும், மறுநாள் பதில் இறங்கும். அம்மா ஜெயித்தால் என் சீட்டை வைத்துக்கொண்டு தன்னுடைய அடுத்த சீட்டை அனுப்புவாள். என்ன கேட்கிறாள் என்பதைக் கண்டக்டர் வாயால் சொல்வார். "ஒங்கம்மா ஒயரம் கேக்குது" என்று பஸ் நிற்பதற்கு முன்பே படியில் தொங்கிக்கொண்டு கத்துவார். "இன்னிக்கி யாரு மலையேறாரு?" என்று விசாரிப்பார். டிரைவர்கூடச் சீட்டை வாங்கிப் பார்ப்பார். ஏமாற்ற வேண்டுமென்றால் யாரும் ஏமாற்றியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

கரும்பு வெட்டு முடியும் சமயத்தில் என் கட்டு இளைத்துப் போயிருந்தது. கையில் நாலைந்து சீட்டுதான். தோற்கப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் அம்மா தப்புத் தப்பாகக் கேட்க ஆரம்பித்தாள். பனைமரத்தை அனுப்பி, 'ஜெயித்த சண்டை' என்றாள். அவன் ஜெயித்தது மிகக் குறைவு என்று எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். நான் சுலபமாக ஜெயித்தேன். அடுத்த முறை கிழவனை அனுப்பி, 'எடை' என்று கேட்டாள். என் கட்டு மறுபடி கொழுத்தது. எனக்கோ அவமானமாக இருந்தது. நான் சின்னப் பையன் என்று விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒழுங்கா ஆடச் சொல்லுங்க" என்றேன் கண்டக்டரிடம்.

பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "சொல்றேன் தம்பி. ஆனா ஒங்கம்மா பஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்து ஒக்காந்துடுது. மழ வந்தாலும் சரி. சீட்ட வாங்கினப்புறமும் போவாது. நாங்க சாப்ட்டு, வண்டிலயே படுக்கறதுக்குத் துணிய ஒதறோம் பாரு, அப்பதான் எழுந்து போவுது. ஒங்க மாமாகிட்ட சொல்லு."

ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்றுதான் அவள் தப்பாகக் கேட்டாள். எனக்கு இது புரியப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்குக் கண்டக்டர் சொன்னதை அப்படியே மாமாவிடம் ஒப்பித்தேன். மாமா, "ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரை அம்மா காத்திருக்கவில்லை. ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து சீட்டு வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது, பின்னால் அம்மா இறங்கினாள். கண்டக்டர் பெட்டியைத் தூக்கி வந்து மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அம்மா இளைத்திருந்தாள். மாமா, "இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?" என்று கேட்டதற்கு, வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"நான் செவுத்தப் பாத்துப் பேசிக்கினு கெடக்கறேண்ணா. மொதல்ல எனக்கே தெரியல. அடுத்த வூட்டு அம்மா வந்து யாரோட பேசறேன்னு கேட்டப்பதான் தெரிஞ்சிது. எனக்குப் பயமா கீது. நான் திரும்பிப் போ மாட்டேன்."

அத்தை அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அப்பா சனிக்கிழமை இறங்கி வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவருகே நின்றிருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே.

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டுங்க."

"ஒனக்கு அந்த எடம் புடிச்சிருக்குதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். நீதான் எங்க இருந்தாலும் பேசாம இருப்பியே."

"பேச ஆளு இருந்தா பேசாம இருக்கலாங்க" என்றாள் அம்மா. "ஆளே இல்லன்னா எப்பிடிப் பேசாம இருக்கறது?"

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, இங்கியே இரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாக மலையேறினார்.

அம்மா வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று நினைத்திருந்தேன். ஆடவில்லை. மாமா வீட்டில் எந்நேரமும் ஆட்கள், அம்மாவுக்கு ஓயாத வேலை. பகலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டு ஆட அது அவள் வீடும் இல்லை. கேட்டால், "நாளைக்கி" என்பாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. கிணற்றடியில் அத்தையோடு ஏதாவது பேசிக்கொண்டேயிருப்பாள். இரண்டு கட்டும் என் புத்தகப் பைக்குள் கிடந்தன.

அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். வரவரச் சட்டைக் காலர் அழுக்காகியது. முகத்தில் இரண்டு நாள் தாடி. தானே சமைத்துக்கொள்கிறேன் என்றார். என்ன சமைக்கிறீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, "சோறுதான்" என்றார். அம்மா அவர் பையில் ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் வைத்து அனுப்புவாள். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அது வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு. அப்பா கிளம்பத் தயாராக, காலடியில் பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே தரையில் படுத்துக்கிடந்தேன். வேலை விஷயத்தில் அப்பா கெடிகாரம் மாதிரி. மழையோ காய்ச்சலோ, அவர் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

"அந்தச் சீட்டு வெச்சிருக்கியா?" என்றார் திடீரென்று.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இருக்குதுப்பா."

"எடுத்தா. எப்பிடி ஆடறதுன்னு சொல்லு."

சீட்டுகளைத் தரையில் பரப்பினேன். நாற்காலியிலிருந்து இறங்கி என் எதிரே உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அப்போதுதான் பார்க்கிறேன். கால் மடங்காமல் சிரமப்பட்டார். சட்டங்களைச் சொன்னேன். இருபதைப் பொறுக்கச் சொன்னேன். எண்களையே பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பொறுக்கினார். "இவன் நல்லவனாத் தெரியறான்" என்று ஒருவனை எடுத்தார். "இவன் மொறைக்கறான், வாணாம்" என்று குந்தாணியை என் பக்கம் தள்ளினார்.

அதைவிட மோசமான கட்டை நான் பார்த்ததில்லை. வாரி எடுத்துவிட்டேன். எல்லாம் போன பிறகும் வெறுங்கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சிடுச்சா?" என்றார். "இன்னொரு வாட்டி."

இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் தெருமுனையில் மலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்பாவுக்காகக் கண்டக்டர் எப்போதும் இரண்டு முறை அடிப்பார்.

"அப்பா, பஸ்ஸு."

"தெரியும்."

"இத்த வுட்டா நாளைக்கித்தான்."

"தெரியும்டா." தன் கட்டின் மேல் சீட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் எட்டிப் பார்த்துவிடுவேனோ என்பது போல. "ஒன் மொறதான? கேளு."

மறுபடி ஹாரன். பிறகு என்ஜின் உறுமி, கியர் மாறி, அணைக்கட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வேகமாகக் கூடத்துக்கு வந்தாள். காலடியில் கிடந்த பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை தூக்கவில்லை. அம்மா திரும்பி உள்ளே போனாள். அரிசி டின்னின் மூடி திறப்பதும், இன்னும் ஒரு படி அளந்து முறத்தில் கொட்டுவதும் கேட்டது.